டி ஸ்கோர் ஏறவில்லையென்றால் மருந்து வீணா?

கேள்வி: வேளச்சேரியிலிருந்து ஒரு மகள்
2024 டிசம்பர் 6

அம்மாவுக்கு 67 வயது. எலும்புப்புரை என்று சொல்லி இரண்டு ஆண்டுகளாக வாரம் ஒரு அலெண்ட்ரோனேட் 70 மில்லிகிராம் மாத்திரை கொடுக்கிறோம். தொடங்கும்போது முதுகெலும்பு டி ஸ்கோர் மைனஸ் 3.1. போன வாரம் மறுபடி, எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் எடுத்ததில் மைனஸ் 2.9. இத்தனை மாத்திரை விழுங்கியதற்கு 0.2 தானா? நெஞ்செரிச்சல் வேறு. தாடை எலும்பு செத்துப்போகும் என்று எதிர்வீட்டு மாமி பயமுறுத்துகிறார். மாத்திரையை நிறுத்திவிட்டுக் கேழ்வரகு, பிரண்டை, காலை வெயில் என்று மாறிவிடலாம் என்பது என் முடிவு. மாற்றுக் கருத்து இருந்தால் சொல்லுங்கள்.

2024 டிசம்பர் 6, இரவு

இருக்கிறது. நிறுத்தாதீர்கள்.

நான் டாக்டர் இல்லை. மேற்கு மாம்பலத்தில் பெண்கள் பள்ளியொன்றில் கணக்கு நடத்தி ஓய்வு பெற்றவள். இதே மாத்திரையை ஐந்து ஆண்டு விழுங்கியவள். மருத்துவத்தை உங்கள் டாக்டரிடம் கேளுங்கள், கணக்கை என்னிடம் கேளுங்கள்.

இளம்பெண்களின் சராசரி எலும்பு அடர்த்தியிலிருந்து உங்கள் அம்மா எத்தனை திட்டவிலக்கம் கீழே இருக்கிறார் என்பதுதான் டி ஸ்கோர். மைனஸ் 2.5, அதற்கும் கீழே என்றால் எலும்புப்புரை என்று 1994ல் உலக சுகாதார நிறுவனம் கோடு கிழித்தது. ஒரு திட்டவிலக்கம் என்பது அடர்த்தியில் ஏறத்தாழப் பத்துப் பன்னிரண்டு சதவீதம். அப்படியானால் 0.2 என்பது இரண்டு சதவீதத்தைச் சுற்றி நிற்கிறது. ஒரே ஆளை ஒரே இயந்திரத்தில் இறக்கிவிட்டு மறுபடி படுக்க வைத்தாலே அந்த அளவு முன்னே பின்னே வரும். ஆகவே ஏறியது என்றும் சொல்ல முடியாது, ஏறவில்லை என்றும் சொல்ல முடியாது. இறங்கவில்லை என்று மட்டும் சொல்லலாம். மருந்தில்லாமல் விட்டால் இந்த வயதில் ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். நின்ற இடத்தில் நிற்பதே வரவு.

இரண்டு ஸ்கேனும் ஒரே இடத்தில் எடுத்தவையா? இயந்திரம் மாறியிருந்தால் இந்த ஒப்பீட்டையே கிழித்துப் போட்டுவிடுங்கள். இன்னொன்று: முதுகில் மூட்டுத் தேய்ந்து எலும்பு முளைத்திருந்தால் முதுகின் எண் பொய்யாக உயர்ந்து காட்டும். இடுப்பு எண்ணையும் பாருங்கள்.

2024 டிசம்பர் 7

நேற்று எழுதியது பாதிக் கணக்கு. மீதி இதுதான்: அடர்த்தி வேறு, வலு வேறு.

1990ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவர்கள் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். எலும்புப்புரை வந்த 202 பெண்கள். ஒரு சாராருக்கு நாள்தோறும் 75 மில்லிகிராம் சோடியம் ஃப்ளோரைடு, மறுசாராருக்கு மருந்தில்லாத மாத்திரை, இருவருக்கும் கால்சியம். நான்கு ஆண்டில் ஃப்ளோரைடு சாப்பிட்டவர்களின் முதுகெலும்பு அடர்த்தி 35 சதவீதம் ஏறியது. உங்கள் அம்மாவுக்கு அப்படி ஏறியிருந்தால் தெருவெல்லாம் லட்டு கொடுத்திருப்பீர்கள். ஆனால் முதுகெலும்பு முறிவுகள் குறையவில்லை. உடம்பின் மற்ற இடங்களில் நேர்ந்த முறிவுகளோ ஃப்ளோரைடு தரப்பில் 72, மறுதரப்பில் 24. எலும்பு கெட்டியாகத் தெரிந்தது, நொறுங்கியது.

இது நமக்குத் தூரத்துச் செய்தி அன்று. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு மிகுந்து, பல்லில் பழுப்புக் கறையும் எலும்பில் விறைப்புமாக எத்தனை பேர் இருந்தார்கள்! ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். அந்த ஊர்களில் நீண்டகாலம் அந்தத் தண்ணீர் குடித்தவர்களை ஸ்கேனில் படுக்க வைத்தால் எண் அழகாக வரக்கூடும். எலும்பு அழகாக இருக்காது.

எதிர்ப்பக்கம் ராலாக்சிஃபீன் என்ற மாத்திரை. முதுகின் அடர்த்தியை இரண்டு மூன்று சதவீதம்தான் உயர்த்துகிறது. ஆனாலும் முதுகெலும்பு முறிவை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைக்கிறது. (இடுப்பு முறிவில் அதற்குப் பலன் இல்லை, இரத்தக் கட்டு அபாயமும் உண்டு. அதை வாங்கச் சொல்லவில்லை, கணக்குக்காகச் சொல்கிறேன்.)

35 ஏறியும் பலனில்லை, 3 ஏறியும் பலன் உண்டு என்றால் அந்த எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டு தொங்குவதில் என்ன பொருள்?

2024 டிசம்பர் 7, மாலை

ஏன் அப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். எலும்பு ஓயாமல் மராமத்து நடக்கும் வீடு. ஒரு கூட்டம் பழையதை இடித்துக் குழி பறிக்கும், பின்னால் வரும் கூட்டம் குழியை நிரப்பிப் பூசும். ஈஸ்ட்ரோஜன் இருக்கும்வரை இடிப்பவர்களுக்கு ஒரு மேஸ்திரி இருக்கிறார். மாதவிடாய் நின்றதும் மேஸ்திரி போய்விடுகிறார். பூசுவதற்கு முன்பே அடுத்த குழி விழுகிறது. முதுகெலும்பின் உள்ளே இருக்கும் மெல்லிய சட்டங்கள் குழி விழுந்த இடத்தில்தான் ஒடியும். அலெண்ட்ரோனேட், ரிசெட்ரோனேட், சோலெட்ரோனிக் அமிலம் எல்லாம் இடிக்கும் கூட்டத்தை அடக்கும் மருந்துகள். குழி குறைகிறது, பழைய குழி நிரம்புகிறது. புது எலும்பு மலையாகக் குவிவதில்லை. அதனால் ஸ்கேன் எண் கொஞ்சம் ஏறுவதற்குள்ளேயே வலு அதைவிட அதிகமாகத் தேறிவிடுகிறது.

கட்டுபவர்களை முடுக்கிவிடும் மருந்து தனி. டெரிபாரடைடு, நாள்தோறும் தோலுக்கடியில் ஊசி, அதிகம் போனால் இரண்டு ஆண்டு. ஊசிப் பேனாவை ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும். அதை முடித்தவுடன் இடிப்பைத் தடுக்கும் மருந்து ஒன்றைத் தொடராவிட்டால் கட்டியதெல்லாம் கரைந்துவிடும். ரோமோசோஸுமாப் என்று புதிய ஊசியும் உண்டு, மாதம் ஒருமுறை, ஓராண்டு. மாரடைப்போ பக்கவாதமோ சமீபத்தில் வந்தவர்களுக்கு ஆகாது.

2024 டிசம்பர் 9

நங்கநல்லூர் சார், "இந்த மாத்திரையால் முறிவு பாதியாகக் குறையும் என்பது கம்பெனி வித்தை" என்று எழுதியிருக்கிறீர்கள். விகிதத்தை மட்டும் சொல்லி மயக்குவது வித்தைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆகவே முழு எண்ணையும் பார்ப்போம். 1996ல் வெளியான அலெண்ட்ரோனேட் சோதனை. ஏற்கெனவே முதுகெலும்பு நசுங்கிய 2027 பெண்கள். ஏறத்தாழ மூன்று ஆண்டு. புதிதாக முதுகெலும்பு நசுங்கியவர்கள் மருந்தில்லாத தரப்பில் நூற்றுக்கு 15 பேர், மருந்துத் தரப்பில் 8 பேர். இடுப்பு முறிவு 2.2 சதவீதத்திலிருந்து 1.1. அதாவது ஒருவருடைய முதுகைக் காக்கப் பதினான்கு பேர் மூன்றாண்டு மாத்திரை விழுங்க வேண்டும். ஒரு இடுப்பைக் காக்கத் தொண்ணூற்றொரு பேர்.

இது பெரிதா சிறிதா என்பது உங்கள் பார்வை. என் பெரியம்மா இடுப்பு ஒடிந்து படுத்ததைப் பார்த்தவள் நான். எனக்கு இது பெரிது.

இதில் வேடிக்கை, காப்பாற்றப்பட்டவருக்குத் தான் காப்பாற்றப்பட்டது தெரியாது. சர்க்கரை மாத்திரை போட்டால் மறுவாரமே இரத்தப் பரிசோதனையில் தெரியும். இங்கே நடந்திருக்க வேண்டிய ஒன்று நடக்காமல் போவதுதான் பலன். அதனால்தான் பலர் ஓராண்டுக்குள் மாத்திரையை ஓரங்கட்டிவிடுகிறார்கள்.

2024 டிசம்பர் 10

வேளச்சேரிக்கு ஒரு கேள்வி. அம்மாவின் உயரம் குறைந்திருக்கிறதா? முதுகெலும்பு நசுங்கல் மூன்றில் இரண்டு பேருக்குத் தெரியாமலே நடக்கிறது. வலி வந்தாலும் "வாயு" என்று பூண்டு தட்டிப் போட்டுக்கொள்வார்கள். சமையலறை மேல்தட்டு எட்டவில்லை, கட்டிய புடவை தரையில் புரள்கிறது என்று சொல்கிறாரா? பழைய உயரத்தைவிட நான்கு சென்டிமீட்டர் குறைந்தால் முதுகுக்குப் பக்கவாட்டு எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள்.

இன்னொரு கேள்வி: மாத்திரையை எப்படிச் சாப்பிடுகிறார்? அம்மாவைக் கேட்காதீர்கள், நின்று பாருங்கள்.

2024 டிசம்பர் 15

வேளச்சேரி மகளே, உங்கள் பதிலைப் படித்துவிட்டுச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அம்மா ஞாயிறு காலை ஐந்தரைக்கு எழுந்து, தைராய்டு மாத்திரையும் இதையும் சேர்த்து, டிகிரி காபியில் விழுங்கிவிட்டு, மறுபடி அரைமணி படுத்துக்கொள்கிறார்! இரண்டு ஆண்டாக!

வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில் விழுங்கினாலே அலெண்ட்ரோனேட் நூற்றுக்கு ஒரு பங்குகூட உடம்பில் சேராது. காபியோடு விழுங்கினால் அதிலும் 60 சதவீதம் போய்விடும். பாலில் இருக்கும் கால்சியமும் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். படுத்தால் மாத்திரை உணவுக்குழாயில் தங்கிப் புண்ணாக்கும். நெஞ்செரிச்சலின் ஊற்று அதுதான் என்று நினைக்கிறேன். எழுந்தவுடன் ஒரு பெரிய டம்ளர் வெறும் தண்ணீர். பிறகு அரைமணி நிமிர்ந்து இருக்க வேண்டும். உட்காரலாம், நடக்கலாம், பூப்பறிக்கலாம். அதுவரை காபி கிடையாது. மயிலாப்பூர், மாம்பலம் வீடுகளில் இந்த அரைமணிதான் மருந்தின் மிகக் கடுமையான பக்கவிளைவு. என் கணவர் ஞாயிறுதோறும் அந்த அரைமணி எனக்கெதிரே உட்கார்ந்து உறிஞ்சிக் குடிப்பார். வேண்டுமென்றேதான்.

தைராய்டு மாத்திரையும் வெறும் வயிறு கேட்கும். எனக்குத் தெரிந்த ஓர் அம்மாள் டாக்டரைக் கேட்டு அதை இரவுக்கு மாற்றிக்கொண்டார். தைராய்டு அளவையும் பார்த்துவிடுங்கள். அந்த மாத்திரை தேவைக்கு மேல் போனால் அதுவே எலும்பைக் கரைக்கும். கால்சியம் மாத்திரை சாப்பாட்டோடு, பகலிலோ இரவிலோ.

முதல் நாள் "நிறுத்தாதீர்கள்" என்றேன். காபிக் கதைக்குப் பிறகு அதைக் கொஞ்சம் விரிக்கிறேன்: இந்த மாத்திரையை வேண்டுமானால் நிறுத்தலாம், மருந்தை நிறுத்தக்கூடாது. மைனஸ் 2.9 மருந்தின் தோல்வியா இல்லையா என்று பேசவே இடமில்லை. மருந்து உள்ளே போயிருந்தால்தானே!

2024 டிசம்பர் 22

நாளை காலை வாசலில் வழுக்கிவிழப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். மார்கழி. இருட்டில் எழுந்து, வாசல் தெளித்து, ஈரச் சிமெண்டில் குந்தி, பின்னோக்கி நகர்ந்து கோலம் போடுவது. நான் அப்படித்தான் விழுந்தேன், 58 வயதில். கையை ஊன்றினேன், வலது மணிக்கட்டு போயிற்று.

புத்தூர்க் கட்டுப் போட அழைத்தார்கள். போகவில்லை, நகரின் பெரிய தனியார் மருத்துவமனை ஒன்றில் தகடு வைத்தார்கள். நல்ல வேலை, குறை சொல்ல மாட்டேன். ஆனால் அட்மிஷன் முதல் பில் வரை ஒருவராவது "நின்ற உயரத்திலிருந்து விழுந்ததற்கா எலும்பு ஒடிந்தது?" என்று கேட்க வேண்டாமா? மாதவிடாய் எப்போது நின்றது என்று கேட்க வேண்டாமா? கேட்கவில்லை. நின்ற உயரத்திலிருந்து விழுந்து மணிக்கட்டு ஒடிந்தால் அதுவே எலும்புப்புரையின் முதல் கடிதம். ஆறு மாதம் கழித்துப் பல் டாக்டர் ஒருவர் பேச்சுவாக்கில் சொல்லித்தான் ஸ்கேனுக்கே போனேன். மைனஸ் 2.7.

இன்னொரு கணக்கு: எலும்பு முறிகிற பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் மைனஸ் 2.5 கோட்டுக்கு மேலே இருப்பவர்கள். அந்தப் பக்கம் ஆள் அதிகம், அதனால். ஏற்கெனவே ஒருமுறை முறிந்தவருக்கு ஸ்கேன் எண் எதுவானாலும் காத்திருக்கக் கூடாது. முதுகெலும்பு ஒன்று நசுங்கியவர்களில் ஐந்தில் ஒருவருக்கு அடுத்த ஓராண்டுக்குள் இன்னொன்று நசுங்குகிறது.

வேளச்சேரி அம்மாவின் எக்ஸ்ரேயில் முதல் இடுப்பு முள்ளெலும்பு நசுங்கியிருக்கிறது என்று இன்று எழுதியிருக்கிறீர்கள். ஆக எதிர்வீட்டு மாமியின் தாடையைப் பற்றிப் பிறகு பேசலாம், முதலில் முதுகு.

2024 டிசம்பர் 29

"ஆறு மாதத்துக்கு ஒரு ஊசி, வேலை முடிந்தது, மாத்திரைத் தொல்லையே வேண்டாம்" என்று இருவர் டெனோசுமாபைப் பரிந்துரைத்திருக்கிறீர்கள். நல்ல மருந்து. 2009ல் வந்த பெரிய சோதனையில் மூன்று ஆண்டில் முதுகெலும்பு முறிவு 7.2 சதவீதத்திலிருந்து 2.3 ஆனது. சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கும் கொடுக்கலாம், கால்சியத்தைக் கவனித்துக்கொண்டு. ஆனால் என் அக்கா கதையைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

அக்கா தாம்பரத்தில் இருக்கிறாள். இரண்டு ஆண்டு அந்த ஊசி போட்டுக்கொண்டாள். ஸ்கேன் எண் நன்றாக ஏறியது. குடும்பத்தில் எல்லோருக்கும் காட்டினாள். பிறகு நியூ ஜெர்சியில் மகளுக்குப் பிரசவம். சென்னையில் பாதி வீடுகளின் நாட்காட்டி இப்படித்தான் ஓடுகிறது: பேரன் பிறக்கிறான், பாட்டி விமானம் ஏறுகிறாள், திரும்புவது ஆறு மாதம் கழித்து. அக்காவின் ஊசி கிளம்பிய மறுமாதம் வர வேண்டியது. "வந்து போட்டுக்கொள்ளலாமா?" என்று கேட்டதற்கு, ஊசி போட்ட இடத்தில் "ஒன்றும் ஆகாது, வாங்க" என்று அனுப்பிவிட்டார்கள். அங்கே காப்பீட்டில் அது வராது, கைக்காசு கொடுத்தால் மாப்பிள்ளைக்குச் செலவு என்று இவளும் வாயைத் திறக்கவில்லை. ஊர் திரும்பிய சில வாரத்தில், குனிந்து வாளியைத் தூக்கியபோது முதுகில் வெட்டினாற்போல் வலி. இரண்டு முள்ளெலும்புகள் நசுங்கியிருந்தன.

அலெண்ட்ரோனேட், சோலெட்ரோனிக் எல்லாம் எலும்புக்குள்ளேயே படிந்து பல ஆண்டு தங்குபவை. நிறுத்தினாலும் மெல்லத்தான் வடியும். டெனோசுமாப் படிவதில்லை. இடிக்கும் கூட்டத்தைக் கதவுக்கு வெளியே நிறுத்தி வைக்கிறது, அவ்வளவுதான். ஊசியின் வேகம் தீர்ந்ததும் காத்திருந்த கூட்டம் முழுக்க ஒரே நேரத்தில் உள்ளே பாய்கிறது. மருந்து தொடங்குமுன் இருந்ததைவிட அதிக வேகத்தில் இடிப்பு நடக்கும். ஏறிய அடர்த்தி ஓரிரு ஆண்டில் காணாமல் போகும். சிலருக்கு ஒன்றல்ல, வரிசையாகப் பல முள்ளெலும்புகள் நசுங்கும். முந்தைய ஊசியிலிருந்து ஏழு மாதத்தைத் தாண்டவே கூடாது. நிறுத்துவதானால் பின்னாலேயே சோலெட்ரோனிக்கோ அலெண்ட்ரோனேட்டோ கொடுத்துத்தான் இறங்க வேண்டும்.

இதைத் தொடக்கத்திலேயே ஒரு காகிதத்தில் எழுதிக் கையில் கொடுக்காத எவரும் அந்த ஊசியைப் போடக்கூடாது என்பது என் கட்சி.

2025 ஜனவரி 4

தாடை. அலெண்ட்ரோனேட், சோலெட்ரோனிக் போன்ற பிஸ்பாஸ்போனேட் வகை மருந்துகளால் தாடை எலும்பு செத்துப்போவது 2003 முதல் பேசப்படுகிறது. பெரும்பாலும் புற்றுநோய்க்காக மாதாமாதம் பெரிய அளவில் ஏற்றிக்கொண்டவர்களிடம். எலும்புப்புரைக்கான அளவில் மிக அரிது. ஆட்டம் காணும் பல்லைப் பிடுங்க வேண்டுமென்றால் மருந்து தொடங்குவதற்கு முன் பிடுங்கிவிடுங்கள். பல் டாக்டரிடம் மருந்தின் பெயரைச் சொல்லுங்கள். மாமிக்கு என் வணக்கம்.

மாமி சொல்லாமல் விட்டதுதான் எனக்குக் கூடுதல் கவலை: தொடை எலும்பு. நீண்டகாலம் சாப்பிட்டவர்களில் சிலருக்குத் தொடையின் நடுப்பகுதி குறுக்கே கீறல் விட்டு ஒடிகிறது. ஆசியப் பெண்களுக்கு அபாயம் அதிகம். 2020ல் கலிஃபோர்னியாவில் எடுத்த கணக்கு: பத்தாயிரம் பெண்கள் மூன்று ஆண்டு சாப்பிட்டால், வெள்ளையரில் 149 இடுப்பு முறிவுகள் தவிர்கின்றன, 2 தொடை முறிவுகள் வருகின்றன, ஆசியரில் 91 தவிர்கின்றன, 8 வருகின்றன. 91க்கு 8. இலாபம்தான், ஆனால் அவர்களுக்கு இருக்கும் அளவு இலாபம் நமக்கில்லை. தொடையிலோ கவட்டியிலோ மந்தமான வலி வாரக்கணக்கில் நீடித்தால் "மூட்டுவலி" என்று தைலம் தேய்க்காமல் இரண்டு தொடைக்கும் எக்ஸ்ரே.

இதனால்தான் ஐந்து ஆண்டுக்குப் பின் எனக்கு இடைவெளி கொடுத்தார்கள். எல்லோருக்கும் அது பொருந்தாது. முதுகெலும்பு நசுங்கியவர்களைப் பெரும்பாலும் தொடரத்தான் சொல்வார்கள். டெனோசுமாப்புக்கு விடுமுறை என்பதே கிடையாது, மேலே பார்க்க.

2025 ஜனவரி 19

இந்த வாரம் நியூசிலாந்திலிருந்து ஒரு சேதி. மாதவிடாய் நின்று அதிகக் காலம் ஆகாத, 50 முதல் 60 வயதுப் பெண்கள். இன்னும் எலும்புப்புரை வராதவர்கள். பத்து ஆண்டு. நரம்பு வழியே ஏற்றும் சோலெட்ரோனிக் மருந்தை ஒருமுறைகூட ஏற்றாதவர்களில் 11.1 சதவீதம் பேருக்குப் புதிதாக முதுகெலும்பு நசுங்கியது. தொடக்கத்தில் ஒன்று, ஐந்தாம் ஆண்டில் ஒன்று என்று இருமுறை ஏற்றியவர்களில் 6.3. தொடக்கத்தில் ஒரே ஒருமுறை ஏற்றியவர்களில் 6.6! பத்தாண்டுக்கு ஒரு ட்ரிப்ஸ்!

நம் ஊரில் மாதவிடாய் நிற்பது மேலைநாட்டைவிட நான்கைந்து ஆண்டு முன்னதாக. கர்ப்பப்பையோடு சினைப்பையையும் எடுத்துவிட்டவர்கள் இன்னும் முன்னதாக. ஐம்பது வயது மகள்கள் இதையும் காதில் போட்டுக்கொள்ளலாம்.

2025 ஜனவரி 26

கேழ்வரகு, பிரண்டை, வெயில். தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன், சண்டை வரும் என்று.

மாதவிடாய் நின்றவர்களுக்கு நாளைக்கு 1200 மில்லிகிராம் கால்சியம் வேண்டும். நூறு கிராம் கேழ்வரகில் 350 அளவில் இருக்கிறது. கேழ்வரகு மட்டுமே என்றால் தினமும் முந்நூற்று நாற்பது கிராம் மாவு. களி கிண்டுகிறவருக்குத்தான் எலும்பு வலுக்கும். பால், மோர், கீரை, எள்ளோடு சேர்ந்து கேழ்வரகு நல்ல உணவு. மீதிக்கு மாத்திரை. பிரண்டைத் துவையல் எனக்கும் பிடிக்கும், சூடான சோறு, நல்லெண்ணெய். அது துவையல், மருந்து இல்லை. நாகேஸ்வரராவ் பூங்கா வாசலில் காலையில் விற்கும் சூப்புகளுக்கும் இதுவே பதில்.

கால்சியமும் வைட்டமின் டியும் மருந்தின் அடித்தளம், மருந்துக்கு மாற்று அல்ல. சோலெட்ரோனிக், டெனோசுமாப் ஏற்றுவதற்கு முன் இரண்டும் சரியாக இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். இல்லையென்றால் இரத்தத்தில் கால்சியம் சரிந்து கை கால் இழுத்துக்கொள்ளும். சென்னை வெயிலில் டி குறையுமா என்று கேட்காதீர்கள். வெயில் வெளியே இருக்கிறது. நாம் உள்ளே, முழுக்கை ரவிக்கையும் புடவைத் தலைப்புமாக இருக்கிறோம். அதற்காக 60,000 யூனிட் பாக்கெட்டை மருந்துக்கடையில் வாங்கி ஆண்டுக்கணக்கில் விழுங்குவதும் தவறு. ஆஸ்திரேலியாவில் முதிய பெண்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை ஐந்து லட்சம் யூனிட் மொத்தமாகக் கொடுத்துப் பார்த்தார்கள். விழுவதும் முறிவதும் கூடின.

2025 பிப்ரவரி 16

வேளச்சேரி அம்மாவுக்குச் சோலெட்ரோனிக் 5 மில்லிகிராம் என்று டாக்டர் முடிவு செய்தது நல்லது. காபியும் குறுக்கே வராது, உணவுக்குழாயும் பிழைக்கும். சிறுநீரகப் பரிசோதனை பார்த்துவிட்டார்கள்தானே? முதல்முறை ஏற்றியபின் மூன்றில் ஒருவருக்குக் காய்ச்சல், உடம்புவலி வரும், இரண்டு மூன்று நாளில் போய்விடும். நிறையத் தண்ணீர், டாக்டர் சொன்ன அளவில் பாராசிட்டமால். அடுத்த முறை இந்த அமளி பெரும்பாலும் இருக்காது.

2025 பிப்ரவரி 20

காய்ச்சல் 101 என்று பதறி எழுதியிருக்கிறீர்கள். நான் எழுதியதைத்தான் எழுதியிருக்கிறீர்கள். மூன்றாம் நாளும் நீடித்தால் டாக்டரைக் கூப்பிடுங்கள்.

2025 மார்ச் 9

கேட்டவர்களுக்காக உடற்பயிற்சி. நடை இதயத்துக்கு நல்லது, எலும்புக்குப் போதாது. 2018ல் வெளிவந்த ஓர் ஆஸ்திரேலியச் சோதனையில் அடர்த்தி குறைந்த பெண்கள் வாரம் இருமுறை, அரைமணி, பயிற்சியாளர் மேற்பார்வையில் உண்மையான எடை தூக்கினார்கள். எட்டு மாதத்தில் முதுகின் அடர்த்தி 2.9 சதவீதம் ஏறியது, வீட்டில் இலேசாகச் செய்தவர்களுக்கு 1.2 இறங்கியது. முதுகு நசுங்கியவர்கள் தாமாக இதைத் தொடங்கக் கூடாது. முன்னால் குனியும் ஆசனங்களும் வேண்டாம்.

விழாமல் இருப்பது தனிக்கலை. குளியலறையில் கைப்பிடி. இரவு விளக்கு. தூக்க மாத்திரையைக் குறைக்க முடியுமா என்று கேட்பது. கண்புரை இருந்தால் தள்ளிப்போடாமல் எடுப்பது. மாநகரப் பேருந்தில் கட்டணமில்லை என்று சந்தோஷமாக ஏறிக் கடைசி வரிசையில் உட்காராதீர்கள். வேகத்தடையில் பின்சக்கரம் தூக்கிப்போடும் அடி நேராக முதுகெலும்பில் இறங்கும். சக்கரங்களுக்கு நடுவில் இருக்கை கிடைக்கும்வரை கம்பியைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

2025 மார்ச் 23

அடுத்த ஸ்கேன் எப்போது என்று வேளச்சேரி மகள் கேட்கிறார். இரண்டு ஆண்டு கழித்து, அதே இயந்திரத்தில். அதற்குள் எடுத்தால் மறுபடி 0.2 வரும், மறுபடி எனக்குக் கடிதம் வரும். மருந்து வேலை செய்கிறதா என்று இப்போதே தெரிந்தாக வேண்டுமென்றால் சிடிஎக்ஸ் என்ற இரத்தப் பரிசோதனை உண்டு, காலையில் வெறும் வயிற்றில். இடிப்பின் வேகம் இறங்கியிருப்பதை மூன்று மாதத்துக்குள் காட்டிவிடும். காபி அதற்குப் பிறகுதான், அம்மாவிடம் சொல்லிவிடுங்கள்.

தம்பி சிட்னியில் இருக்கிறான், அம்மா அடுத்த ஆண்டு போகலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக. சோலெட்ரோனிக் ஒரு மாதம் இரண்டு மாதம் தள்ளிப்போனால் அக்காவுக்கு நடந்தது நடக்காது. பெட்டியை மட்டும் அவர் தூக்க வேண்டாம்.